அல்சூர் வீட்டுக் கூடத்தில் ஆப்பிள் டிவி 4கே

எங்கள் வீட்டு டிவிக்கு ஏழு வயது ஆகிறது. 43 அங்குலத் திரையில் இன்றுவரை ஒரு கோடு விழவில்லை, ஒரு புள்ளி அணையவில்லை; படம் வாங்கிய நாளில் இருந்த தெளிவோடுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் மூளை மட்டும் மூன்றாம் ஆண்டிலேயே தளர்ந்துவிட்டது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அது கேட்டதா இல்லையா என்று ஐயப்பட்டு இன்னொரு முறை அழுத்தினால், சற்றுப் பொறுத்து இரண்டு அழுத்தங்களும் சேர்ந்து வந்து நாம் கேட்காத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். தயாரித்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) அப்டேட் அனுப்புவதை நிறுத்திய பிறகு, ஓடிடி செயலிகள் ஒவ்வொன்றாக இந்தக் கருவியில் இனி இயங்க மாட்டோம் என்று கைவிரிக்கத் தொடங்கின.

புது டிவி வாங்கும் எண்ணத்தோடுதான், பெங்களூருவில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். அங்கே பல ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் தருமபுரிக்காரர் ஒருவரிடம் டிவியின் நோயை விவரித்தபோது, அவர் விலைப் பட்டியலை எடுக்கவே இல்லை. "கண்ணு நல்லாத்தானே இருக்கு சார், மூளைதானே போச்சு, அதுக்காக ஆளையே மாத்துவாங்களா?" என்று கேட்டார். தன் கடையில் ஒரு டிவி விற்பனை ஆவதைத் தானே தடுத்துக்கொண்ட அந்த மனிதரின் கேள்விதான் என்னை, டிவியில் மாட்டி இணையவழிப் படங்களைப் பார்க்க உதவும் ஸ்ட்ரீமிங் பெட்டிகளின் பக்கம் திருப்பியது. அவர் காட்டியது என்னவோ மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஸ்டிக்குகளைத்தான். அவற்றைத் தாண்டி ஆப்பிள் டிவி 4கே வரை போனது என் சபலம்.

இந்தப் பெயரைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆப்பிள் டிவி என்பது டிவி அன்று. அதில் திரை கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி: நீளமும் அகலமும் 93 மில்லிமீட்டர், உயரம் 31 மில்லிமீட்டர். அதே பெயரில் ஒரு செயலியும் உண்டு, மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு சேவையும் உண்டு. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள், இதை வீட்டில் ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்லிப் புரியவைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அது "கறுப்புப் பெட்டி" என்றே வழங்குகிறது.

நான் வாங்கியது 2022-இல் வெளிவந்த தலைமுறை. வைஃபை மட்டும் உள்ள 64 ஜிபி பெட்டி ரூ. 14,900, கம்பிவழி இணைய இணைப்புக்கான துளையும் 128 ஜிபி இடமும் உள்ளது ரூ. 16,900. ஐபோன் 13-இல் வந்த ஏ15 என்ற சிப்தான் இதிலும் இருக்கிறது. விசிறி இல்லாததால் சத்தமே கிடையாது. இந்த விலைக்குப் பெட்டியோடு, அதை டிவியில் இணைக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிள் தருவதில்லை. ரிமோட்டை மின்னேற்றும் கேபிளும் தருவதில்லை. மின்கம்பி மட்டும் உண்டு. பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சீர் கொடுத்துவிட்டு வெற்றிலை பாக்கை வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னது போல் இருக்கிறது.

ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் பயன்படுத்திய பிறகு, இதன் வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை: அழுத்தினால் நடக்கிறது. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது பலர் கவனிக்காத ஒன்றை, அதாவது படத்தின் ஓட்டத்தை. திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்படுகின்றன. ஸ்ட்ரீமிங் கருவிகளோ பெரும்பாலும் நொடிக்கு 60 முறை திரைக்குப் படம் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. 60-ஐ 24 சரியாக வகுக்காது. ஆகவே ஒரு சட்டத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையுமாக மாற்றி மாற்றிக் காட்டி ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. வசனக் காட்சியில் இது கண்ணுக்குத் தெரியாது. கேமரா ஒரு கோயில் கோபுரத்தின் மேல் மெதுவாக நகரும்போதோ, ஓடும் ரயிலைப் பக்கவாட்டில் தொடரும்போதோ, படம் மெல்லத் தடுக்கித் தடுக்கிச் செல்வது போலிருக்கும். பெரிய திரையில் பார்த்த படம் வீட்டில் ஏன் ஏதோ குறைந்தாற்போல் இருக்கிறது என்று நினைப்பவர்களில் சிலருக்காவது காரணம் இதுதான்.

இந்தப் பெட்டியின் அமைப்புகளில் படத்தின் சட்ட வேகத்துக்குத் திரையின் வேகத்தைப் பொருத்தும் ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், 24 சட்டங்களுக்கு எடுத்த படம் 24-ஆகவே போகும். நம் ஊர்த் தொலைக்காட்சித் தொடர்கள் போல 25 சட்டங்களுக்கு எடுத்தவை அவற்றுக்கு உரிய வேகத்தில் போகும். வேகம் மாறும் கணத்தில் திரை ஓரிரு நொடி கறுத்துப் பின் ஒளிரும்; அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். இவ்வளவு நல்ல ஏற்பாட்டைப் பெட்டி வரும்போதே போட்டுத் தராமல் உள்ளே மூன்று அடுக்குக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதும், சில செயலிகள் இந்த ஏற்பாட்டை மதிப்பதில்லை என்பதும் குறைகளே. ஆனால் மதிக்கும் செயலியில், ஏழு வயதான என் டிவியில், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் நீண்ட நகர்வுக் காட்சியைப் பார்த்தபோது, திரையை மாற்றியிருந்தாலும் இந்த நிறைவு கிடைத்திருக்காது என்று தோன்றியது. கணினி செய்பவர்களின் கைத்திறன் வெளிப்படும் இடம் இதுவே.

ரிமோட் அலுமினியத்தால் ஆனது. 2015-இல் இவர்கள் தந்த ரிமோட்டுக்குத் தலை எது கால் எது என்று இருட்டில் தெரியாது என்பது உலகறிந்த குறை. 2021-இல் அதை முழுவதும் மாற்றி, வட்டமான திசைப் பொத்தானும் தனி மின்பொத்தானும் வைத்தார்கள். டிவியை அணைக்கவும் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இந்த ஒரே ரிமோட் போதும். ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் டிவியும் விழித்துக்கொண்டு பெட்டியின் பக்கம் தானே மாறுகிறது. எண் பொத்தான்கள் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஆம்பூரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை கூடத்து டிவி அவருடையது. அவருக்குத் தமிழ்ச் சேனல்களின் எண்கள் மனப்பாடம்; கேபிள்காரர் எண்களை மாற்றிவிட்டால் ஒரு வாரம் வீட்டில் அதுவே பேச்சாக இருக்கும். டிவி என்றால் அவருக்கு ஒரே ஒரு ஒப்பந்தம்: பொத்தானை அழுத்தியதும் உள்ளே யாரோ ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்க வேண்டும். எந்த ஸ்ட்ரீமிங் பெட்டியும் அப்படி வரவேற்பதில்லை. அது படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டி, எந்தச் செயலி வேண்டும் என்று கேட்கும். செயலிக்குள் போனால் பார்ப்பவர் யார் என்று கேட்கும். அதையும் சொன்ன பிறகு எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கும். தேடல் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்குவது அதற்கும் மேல். என்ன வேண்டும் என்று கேட்பது கணினியின் குணம். "இந்தா பார்" என்று கொடுப்பது டிவியின் குணம். கணினி ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வதற்காகப் பிறந்தது. டிவியின் முன்னால் அம்மாவும், பேத்தியும், வாடகை வாங்க வந்த வீட்டுக்காரரும், காய்கறி நறுக்கியபடி பாதி கவனத்தோடு பார்ப்பவரும் ஒன்றாக இருப்பார்கள். அவர்களில் யார் பெயரை அமுக்குவது?

கணினி நிறுவனங்கள் டிவி செய்யப் புகுந்து தோற்ற கதைகளை இந்தக் கோணத்திலிருந்து படித்தால் தெளிவாகப் புரிகிறது. ஆப்பிள் நிறுவனமே 1993-இல் மேகின்டாஷ் டிவி என்று ஒன்றை விற்றது: 14 அங்குல சோனி டிரினிட்ரான் திரையும் டிவி டியூனரும் கொண்ட கறுப்புக் கணினி, விலை 2,079 டாலர். கணினியாகவும் இருக்கும், டிவியாகவும் இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்காது. கணினித் திரையின் ஓர் ஓரத்தில் டிவியை ஓடவிட முடியாது. சுமார் பத்தாயிரம் கருவிகளோடு சில மாதங்களிலேயே அது நிறுத்தப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 1997-இல் வெப்டிவி நிறுவனத்தை 42.5 கோடி டாலருக்கு வாங்கி, டிவியிலேயே இணையமும் மின்னஞ்சலும் பார்க்கலாம் என்றது. 2013-இல் அந்தச் சேவைக்கு மூடுவிழா நடந்தது.

2010-இல் கூகுள் டிவி வந்தபோது, லாஜிடெக் செய்த 299 டாலர் பெட்டியோடு முழு அளவு விசைப்பலகை ஒன்றும் வந்தது. கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரின் மடியில் விசைப்பலகையை வைக்க நினைத்ததைவிட, கணினிக்கும் டிவிக்கும் உள்ள வேற்றுமையை இவர்கள் உணரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெரிய சேனல்கள் தங்கள் நிகழ்ச்சிகளை அந்தப் பெட்டிக்குத் தர மறுத்தன. அடுத்த ஆண்டே விலை 99 டாலருக்கு இறங்கியது. லாஜிடெக்கின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே அதைத் தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே கூகுள் 2013-இல் 35 டாலருக்கு க்ரோம்காஸ்ட் என்ற துண்டுக் கருவியைத் தந்து, கேட்கும் வேலை முழுவதையும் கைப்பேசியிடம் விட்டுவிட்டபோது மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

முழு டிவியையே செய்த கணினி நிறுவனங்களும் உண்டு. கேட்வே 2002-இல் 42 அங்குல பிளாஸ்மா டிவியை 2,999 டாலருக்குக் கொண்டுவந்து மற்றவர்களின் விலையைக் கலங்கடித்தது. 2003-இல் டெல் வந்தது. பின்னர் ஹெச்பியும் வந்தது. மூவரும் இப்போது அந்தக் களத்தில் இல்லை. டிவியின் விலையில் பெரும்பங்கு திரைப் பேனலுக்குப் போய்விடுகிறது. பேனலைச் செய்பவர்கள் வேறு ஆட்கள். வாங்கிச் சட்டம் போட்டு விற்பவருக்கு மிஞ்சுவது சொற்பம். நம் ஊரில் ஏசர் என்ற கணினிப் பெயரைத் தாங்கி வந்த டிவிகளைக்கூட, அந்தப் பெயருக்கு உரிமம் பெற்று இங்கே பெங்களூருவைச் சேர்ந்த இன்ட்கல் நிறுவனம்தான் விற்றது. பெயரை வாடகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் செய்யும் காரியம்.

விற்பனையில் கிடைக்காத லாபத்தை டிவிக்காரர்கள் வேறு வழியில் தேடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விசியோ நிறுவனம், 1.1 கோடி டிவிகளில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை உரிமையாளர்களின் இசைவு பெறாமல் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. பின்னர் வால்மார்ட் அந்த நிறுவனத்தை 230 கோடி டாலருக்கு வாங்கியது. விளம்பரத் தொழிலை வளர்ப்பதே நோக்கம் என்பதையும் மறைக்கவில்லை. மலிவு டிவியின் முகப்பில் சோப்பு விளம்பரமும் ரம்மி விளம்பரமும் ஏன் வந்து உட்காருகின்றன என்று கேட்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. கறுப்புப் பெட்டியின் முகப்பு அந்த வகையில் சுத்தமாக இருக்கிறது. தன் சொந்தத் தொடர்களை மேல்வரிசையில் முன்னிறுத்தும் ஆசையை மட்டும் அதனால் அடக்க முடியவில்லை. விலையில் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்தவர், இந்த அமைதிக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

2007-இல் வந்த முதல் ஆப்பிள் டிவி, 40 ஜிபி வன்தட்டோடு 299 டாலருக்கு விற்கப்பட்டது; உள்ளே ஏறக்குறைய ஒரு முழுக் கணினியே இருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் அதை நிறுவனத்தின் பொழுதுபோக்கு என்றே குறிப்பிட்டார். 2010-இல் வன்தட்டைத் தூக்கிவிட்டு, கைப்பேசி வகைச் சிப்பை வைத்து, 99 டாலருக்கு இறக்கியபோதுதான் அது தன் வடிவத்தை அடைந்தது. 2015-இல் செயலிக் கடை சேர்ந்தது. அந்த 2015-ஆம் ஆண்டுப் பெட்டிக்கு, ஒன்பது ஆண்டுகள் கழித்து 2024-இல் வந்த இயங்குதளமும் கிடைத்தது என்பதை நான் முதன்மையான தகுதியாகக் கருதுகிறேன். என் டிவி மூன்று ஆண்டுகளில் கைவிடப்பட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேனல் பத்து ஆண்டு உழைக்கும்; அதற்குள் வைக்கும் மலிவுச் சிப் நான்கு ஆண்டில் மூச்சு வாங்கும். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் பூட்டி விற்பதைவிட, மூளையைத் தனியே வெளியே வைப்பதே வாங்குபவருக்கு நியாயம்.

பெங்களூருவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த நியாயம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் வீடு மாறலாமா என்ற கேள்வி எழும் ஊர் இது. அல்சூரிலிருந்து காக்ஸ் டவுனுக்கு, அங்கிருந்து லிங்கராஜபுரத்துக்கு என்று பெட்டி படுக்கையோடு நகரும் குடும்பங்களை எனக்குத் தெரியும். சுவரில் துளை போட அனுமதி தராத வீட்டுக்காரர்களையும் தெரியும். ஒவ்வொரு மாற்றத்திலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்க வேண்டிய பொருள் டிவி. பெட்டியோ கைப்பைக்குள் போய்விடுகிறது. வேறு ஊருக்குப் பணிமாற்றம் வந்தால் டிவியை விற்றுவிட்டுக்கூடப் போகலாம், கணக்குகளும் செயலிகளும் பெட்டியோடு வரும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்ததில், திரை மாற்றும் ஆசை அக்கம்பக்கத்தில் பலருக்கு வந்தது. திரை பழுதானவர்கள் தாராளமாக மாற்றலாம். மூளை மட்டும் தளர்ந்தவர்கள், எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரரின் கேள்வியை ஒரு முறை தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பெட்டி எல்லாருக்கும் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஐபோன் வைத்திருப்பவர் ஒருவராவது இருந்தால்தான் இதன் வசதிகளில் பாதி பயன்படும்: கைப்பேசியில் தட்டச்சு செய்தால் டிவியின் தேடல் கட்டத்தில் எழுத்து விழுவது, ஊரில் எடுத்த படங்களைத் திரைக்கு அனுப்புவது, சோபாவின் இடுக்கில் போன ரிமோட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது எல்லாம் அதைச் சார்ந்தவை. எல்லாரும் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் வீட்டில், மூன்று மடங்கு மலிவான ஸ்டிக் ஒன்று பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். பென் டிரைவில் படம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இதில் யுஎஸ்பி துளை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுத் திருமண வீடியோவை இன்றும் டிவியின் பின்பக்கத் துளையில் செருகித்தான் பார்க்கிறோம்.

கேபிள் இணைப்பை நாங்கள் துண்டிக்கவில்லை. கேபிள்காரரின் செட்டாப் பாக்ஸ் முதல் ஹெச்டிஎம்ஐ துளையிலும் கறுப்புப் பெட்டி இரண்டாவதிலும் இருக்கின்றன. பெட்டியின் ரிமோட்டைத் தொட்டால் டிவி அதன் பக்கம் தானாக வந்துவிடுகிறது. கேபிளுக்குத் திரும்ப டிவியின் சொந்த ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானின் மேல் அம்மாவுக்காக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். மின்சாரம் போய் வந்தால், வைஃபை உயிர் பெற்று எழும் வரை பெட்டி காத்திருக்க வேண்டியதுதான். செட்டாப் பாக்ஸ் அதற்குள் சேனலைக் காட்டத் தொடங்கிவிடும். ஏழு மணித் தொடர் நேரத்தில் மின்சாரம் போய்வரும் பகுதியில் குடியிருப்பவர்கள் இதை அற்பமான வேறுபாடு என்று நினைக்க வேண்டாம்.

வாங்க முடிவு செய்தவர்களுக்கு இரண்டு குறிப்புகள். ரௌட்டர் டிவிக்கு அருகிலேயே இருந்து கம்பியால் இணைக்க முடியுமானால் இரண்டாயிரம் கூடுதல் கொடுத்து 128 ஜிபி பெட்டியை வாங்கலாம். இல்லையென்றால் 64 ஜிபி போதும், படங்கள் எப்படியும் இணையத்தில்தான் இருக்கின்றன. ஹெச்டிஎம்ஐ கேபிளை எஸ்.பி. ரோட்டிலேயே வாங்குங்கள், ஆனால் 4கே-யும் ஹெச்டிஆரும் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் பட முறை) தாங்கும் அதிவேகக் கேபிள்தானா என்று உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்து மாட்டியதும், வேறு எதையும் தொடுவதற்கு முன், அமைப்புகளில் வீடியோ ஆடியோ பகுதிக்குள் போய், நான் மேலே சொன்ன சட்ட வேகப் பொருத்தத்தைப் போட்டுவிடுங்கள்.